சக்கரத்துக்கும் பருவ உடை

சித்திரை மாதத்தில் திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே வெயில் 38 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கும். மின்விசிறிகள் சுழன்றும் வியர்வை நிற்காது. ஆனால் தையல் எந்திரங்களின் முன்னே கட்டுக்கட்டாகக் கிடப்பது என்ன தெரியுமா? உள்பக்கம் பஞ்சுபோலச் சீவிவிட்ட தடித்த துணி. கழுத்தை மூடும் சட்டைகள். தலைக்குத் தொப்பி சேர்த்துத் தைத்த மேலாடைகள். நாம் போட்டால் ஐந்து நிமிடம் தாங்க மாட்டோம். இவை பெட்டிகளில் அடைபட்டு, லாரியேறித் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. அங்கே ஐப்பசி வாக்கில் குளிர் தொடங்குமுன் கடைக்கு வந்துவிட வேண்டும். ஆகவேதான் நம் கோடையில் அவர்களுடைய குளிர்காலத்துக்கு இங்கே தைக்கிறார்கள்.

இந்த ஆடைகளை வாங்கும் நாடுகளில், குளிர் வந்தால் மனிதர்கள் மட்டும் உடை மாற்றுவதில்லை. அவர்களுடைய கார்களும் மாற்றுகின்றன. கோடைக்கு ஒரு தொகுதி டயர், குளிர்காலத்துக்கு இன்னொரு தொகுதி. கழற்றிய நான்கையும் அடுத்த பருவம் வரை பத்திரமாக எடுத்து வைப்பார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் இது சட்டம். இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக் கூடாது. மாண்ட்ரியல் நகரில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களும் ஆண்டுக்கு இரண்டு முறை இந்த வேலையைச் செய்கின்றன. ஜெர்மனியில் சட்டம் தேதியைச் சொல்வதில்லை. சாலையில் பனியோ உறைந்த நீரோ இருந்தால் குளிர்கால டயர் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் மக்கள் வாய்வழக்கில் ஒரு கணக்கு உண்டு: 'ஓ' முதல் 'ஓ' வரை. அக்டோபரில் மாட்டு, ஈஸ்டரில் கழற்று என்று பொருள். ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே.

டயர் கறுப்பாக, வட்டமாக, ஒரே மாதிரியாகத்தானே இருக்கிறது? அதிலென்ன கோடை டயர், குளிர்கால டயர்? விடை ரப்பருக்குள்ளே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், பனியே பெய்யாத திருப்பூரில் லாரியின் அடியில் தொங்கும் டயரைப் பற்றியும் நமக்குப் புதிதாகச் சில செய்திகள் விளங்கும்.

இழுத்தால் நீள்வது ஏன்?

ஒரு ரப்பர் பட்டையை எடுத்து இழுங்கள், நீள்கிறது. விடுங்கள், சுருங்குகிறது. ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீளமான சங்கிலிகள். சிக்கலெடுக்காத நூற்கண்டு போல அவை கண்டபடி சுருண்டு கிடக்கின்றன. சும்மா கிடப்பதும் இல்லை. வெப்பத்தின் காரணமாக எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கின்றன. இழுக்கும்போது சுருள்கள் நிமிர்கின்றன. விட்டதும் அந்த நெளிவு அவற்றைப் பழையபடி சுருட்டிவிடுகிறது. சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுகிப் போகாமல் இருக்க, இடையிடையே கந்தகத்தால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தது இந்தக் கந்தக முடிச்சைத்தான். அதற்கு முன் ரப்பர்ப் பொருள்கள் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து உடையும். 

பின்னலாடைத் துணி இழுத்தால் நீள்வதற்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பனியன் துணியில் நூல் நேராக ஓடுவதில்லை. கண்ணி கண்ணியாக வளைந்திருக்கிறது. இழுத்தால் கண்ணி நிமிர்கிறது. நெசவுத் துணியில் வளைவு குறைவு. ஆகவே நீட்சியும் குறைவு. ஆனால் நூலின் கண்ணி தானாக நெளிவதில்லை. ரப்பரின் சங்கிலி நெளிகிறது. வேறுபாடு அங்கேதான்.

நெளிவுக்குக் காரணம் வெப்பம் என்றோம். அப்படியானால் வெப்பத்தைக் குறைத்தால்? நெளிவு மந்தமாகும். மேலும் மேலும் குளிர்வித்தால் ஒரு வெப்பநிலையில் சங்கிலிகள் அசையவே முடியாமல் உறைந்து நின்றுவிடும். அப்போது ரப்பர் ரப்பராக இராது, கண்ணாடியைப் போலாகிவிடும். திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த ரப்பர்ப் பந்தைத் தரையில் போட்டால் துள்ளாது. சில்லுச் சில்லாக நொறுங்கும். இயற்கை ரப்பர் இந்தக் கண்ணாடி நிலையை அடைவது சுமார் சைபருக்குக் கீழே 70 டிகிரியில்.

கண்ணாடி ஆகும் வரை போக வேண்டியதில்லை. சற்று விறைத்தாலே ஆபத்து உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதைந்து, அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். அன்று காலை ஏவுதளத்தில் வெப்பநிலை 2 டிகிரி அளவில்தான் இருந்தது. பக்கத்து ராக்கெட்டின் இணைப்பை அடைக்க வேண்டிய ரப்பர் வளையம், குளிரில் விறைத்து, உரிய நேரத்தில் விரிந்து அடைக்கவில்லை. விசாரணையின்போது இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியால் நெருக்கி, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் சிறிது நேரம் வைத்தார். எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. பெரிய கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

7 டிகிரிக் கணக்கு

இங்கே கூர்மையான மாணவர் ஒரு கேள்வி கேட்கலாம். "ரப்பர் சைபருக்குக் கீழே 70-இல்தானே கண்ணாடி ஆகிறது? ஐரோப்பாவில் 7 டிகிரிக்குக் கீழே போனாலே குளிர்கால டயரை மாட்டச் சொல்கிறார்களே, ஏன்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்ல ஜவ்வு மிட்டாய்க்காரர் போதும். மூங்கில் கழியின் உச்சியிலிருந்து மிட்டாயை அவர் மெதுவாக இழுக்கும்போது அது நூலாக நீள்கிறது. கடிகாரமாகவும் மயிலாகவும் வளைகிறது. அதே மிட்டாயை வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுகிறது. மெதுவான இழுப்புக்கு மூலக்கூறுகள் நகர நேரம் கிடைக்கிறது. வெடுக்கென்ற இழுப்புக்குக் கிடைப்பதில்லை. எனவே விறைப்பு என்பது குளிரை மட்டும் பொறுத்ததன்று, வேகத்தையும் பொறுத்தது.

தார்ச்சாலையின் மேற்பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். சின்னஞ்சிறு மேடுபள்ளங்கள். ஓடும் டயரின் ரப்பர், அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி ஏறினால்தான் பிடிப்புக் கிடைக்கும். ஒவ்வொரு துளி ரப்பரும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அமுங்கி எழ வேண்டும். இவ்வளவு வேகத்தில், கையால் அமுக்கினால் மெத்தென்றிருக்கும் ரப்பர்கூட விறைத்தது போல நடந்துகொள்கிறது. அதனால்தான் சாதாரண டயரின் பிடிப்பு, நீர் உறைவதற்கு முன்பே குறையத் தொடங்குகிறது. 7 டிகிரி என்பது இயற்கை விதித்த எல்லைக்கோடு அன்று. அந்த வாக்கில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்ற நடைமுறைக் கணக்கு, அவ்வளவே.

குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும், குறைந்த வெப்பநிலையிலும் நெளியக்கூடிய செயற்கை ரப்பர் வகைகளும் கூடுதலாகக் கலக்கப்படுகின்றன. பியூட்டாடையீன் ரப்பர் கண்ணாடி ஆவது சைபருக்குக் கீழே சுமார் 100 டிகிரியில். 1990-களிலிருந்து, மணலில் உள்ள அதே சிலிக்காவை நுண்பொடியாக்கிச் சேர்க்கிறார்கள்; ஈரச் சாலையில் பிடிப்புக்கு அது உதவுகிறது.

அடுத்தது பட்டன். டயரின் மேல் உள்ள செதுக்குகளை நம் ஊர் ஓட்டுநர்கள் பட்டன் என்றுதான் சொல்கிறார்கள். அது தேய்ந்தால் மொட்டை டயர். குளிர்கால டயரில் பட்டனுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் ஆழமானவை. ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போல மெல்லிய பிளவுகள் பல இருக்கும். ஜான் சைப் என்ற அமெரிக்கர் இத்தகைய பிளவுகளுக்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். இறைச்சிக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தம் காலணியின் அடியைக் கீறிவிட்டதிலிருந்து அந்த எண்ணம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். டயர் தரையில் பதியும்போது பிளவுகள் சற்றே விரிகின்றன. பல விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களுக்குள் பனி அடைந்துகொண்டால் கெடுதல் என்று நினைக்காதீர்கள். பனி பனியோடு ஒட்டும். அடைந்த பனி சாலையிலுள்ள பனியைப் பிடித்துக்கொள்கிறது.

பனிக்கென்றே முதல் டயரைச் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1934-இல் அந்நாட்டு ரப்பர் ஆலை ஒன்று லாரிகளுக்காக அதை வெளியிட்டது. ஆலை இருந்த ஊரின் பெயர் நோக்கியா. ஆம், கைப்பேசி நோக்கியாதான். 1967-இல் அந்த ரப்பர் ஆலையும் வேறு இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகிப் பிறந்ததே பின்னாளில் கைப்பேசி செய்த நிறுவனம். நம் ஸ்ரீபெரும்புதூரிலும் 2014 வரை அதன் தொழிற்சாலை நடந்தது.

இத்தனை பாடு எதற்காக? ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை, உராய்வு எண், புவியீர்ப்பு முடுக்கம் 9.8, இவற்றின் பெருக்கலைப் போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் 0.8 என்று கொண்டால் விடை சுமார் 12 மீட்டர். பனிக்கட்டியில் அது 0.1 என்றால்? 98 மீட்டர்! டயரை மாற்றி 0.1-ஐ 0.2 ஆக்க முடிந்தால் 49 மீட்டர். பார்ப்பதற்கு 0.1 அற்பமான எண். சாலையைக் கடக்கும் ஒருவருக்கு அது உயிர்.

அப்படியே ஆண்டு முழுவதும் ஓட்டினால்?

குளிர்கால டயர் அவ்வளவு நல்லது என்றால் அதையே எப்போதும் போட்டுக்கொண்டால் என்ன? திருப்பூர்க் கோடையில் தொப்பி வைத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்வது போலத்தான். காற்றில் 38 டிகிரி என்றால் நண்பகல் தார்ச்சாலை 60 டிகிரியை எட்டும். அந்தச் சூட்டில் மென்மையான ரப்பர் அளவுக்கு மீறி இளகும், பட்டன்கள் ஆடும், பிரேக் தூரம் கூடும், விரைவில் தேய்ந்து போகும். இந்தியச் சமவெளிகளில் இந்த டயர் விற்காததற்குக் காரணம் இதுவே. இமயமலைச் சாலைகளில் பனி விழும்போது நம் நாட்டில் இரும்புச் சங்கிலியைச் சக்கரத்தில் சுற்றி ஓட்டுகிறார்கள்.

மாற்றும்போது நான்கையும் மாற்ற வேண்டும். செலவு மிச்சம் என்று முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் மாட்டினால், பிரேக் போட்டதும் முன்புறம் பிடிக்கும், பின்புறம் வழுக்கும். வண்டி தட்டாமாலை சுற்றிவிடும்.

பலர் கோடை டயருக்கு ஒரு ரிம், குளிர்கால டயருக்கு ஒரு ரிம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். இது ஆடம்பரம் இல்லை. டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் ஒன்று புதைந்திருக்கிறது. டயரை ரிம்மோடு இறுக்கி, காற்றுப் போகாமல் பிடிப்பது அதுவே. ஆண்டுக்கு இருமுறை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றி மாட்டினால் அந்த விளிம்பு கெடும். ரிம்மோடு சேர்ந்த சக்கரம் என்றால் நட்டுகளைக் கழற்றி மாட்டினால் போதும். நம் பஞ்சர் கடைகளில் செய்யும் அதே வேலைதான். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகுதான் ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும்; தூக்கியபின் ஸ்பேனர் போட்டால் நட்டுக்குப் பதில் சக்கரமே சுற்றும். திரும்ப முடுக்கும்போது வரிசையாக முடுக்காமல், எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து அமரும். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மீண்டும் முடுக்கிப் பார்ப்பது நல்லது. டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசை.

காற்றுக் கணக்கு

டயரில் 32 பவுண்டு காற்று இருக்கிறது என்கிறோம். இது ஒரு சதுர அங்குலத்துக்கு, வெளிக்காற்றுக்கு மேற்பட்டு உள்ள அழுத்தம். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உண்மை அழுத்தம் 46.7. பருமன் மாறாவிட்டால் வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். 35 டிகிரியில் காற்றடித்த காரைச் சைபருக்குக் கீழே 10 டிகிரியில் நிறுத்தினால்? 46.7-ஐ 263-ஆல் பெருக்கி 308-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39.9. அதில் 14.7 போக 25 பவுண்டு. எங்கும் ஒழுகாமலே 7 பவுண்டு குறைந்துவிட்டது. குளிர்நாட்டில் பருவம் மாறும்போது காற்றைச் சரிபார்ப்பது இதனாலேதான்.

இதே கணக்கை அவிநாசிப் பக்கம் செல்லும் நெடுஞ்சாலைக்குக் கொண்டு வருவோம். விடியற்காலை 25 டிகிரியில் ஒரு லாரி டயரில் 110 பவுண்டு காற்று அடிக்கிறார்கள். ஓடி ஓடி நண்பகலில் டயருக்குள் 70 டிகிரி ஆகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 129 பவுண்டு வரும். இதைக் கண்டு பயந்து, "சூடேறி டயர் வெடித்துவிடும்" என்று வழியில் காற்றை இறக்கிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தலைகீழான முடிவு. சூடேறினால் அழுத்தம் கூடும் என்பதையும் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். காற்றை இறக்கினால் டயர் சப்பையாகி, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாவது போல ரப்பரும் சூடாகும். சூட்டில் ரப்பர் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் பாம்புத் தோல் போலக் கிடக்கும் டயர்ப் பட்டைகளில் பல இவ்வாறு பிறந்தவை. மிகுதியான காற்றைவிடக் குறைவான காற்றே அதிக டயர்களை வெடிக்க வைக்கிறது. காற்றை அளக்க வேண்டியது குளிர்ந்த டயரில், வண்டி கிளம்புமுன்.

சும்மா கிடந்தாலும் மூப்பு

கழற்றிய டயரை எங்கே வைப்பது? பின்லாந்திலும் ஜெர்மனியிலும் 'டயர் விடுதி' என்றே ஒரு தொழில் நடக்கிறது! உங்கள் நான்கு சக்கரங்களுக்கும் சீட்டுக் கட்டி, குளிர்ந்த இருட்டறையில் அடுக்கி வைத்து, ஆறு மாதம் கழித்துத் தருவார்கள். வாடகை உண்டு. இருட்டறை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்?

நம் ஊரில் இரண்டாம் தொகுதி டயர் யாரிடமும் இல்லை என்பது முழு உண்மை இல்லை. ஒவ்வொரு லாரியின் அடியிலும், காரின் பின்பெட்டியிலும் ஓடாமல் கிடக்கும் டயர் ஒன்று இருக்கிறதே, ஸ்டெப்னி. இந்தச் சொல் ஒரு தெருவின் பெயர். தொடக்கக் காலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெத்லி என்ற ஊரில், 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அவர்களுடைய கடை ஸ்டெப்னி தெருவில் இருந்தது. அந்தத் தெருப்பெயர் அங்கே மறந்துபோக, நம்மிடம் தங்கிவிட்டது.

ஸ்டெப்னி ஓடவில்லை; ஆகவே தேயவில்லை; ஆகவே புதியது என்று நினைக்கிறோம். பட்டனைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ரப்பருக்கு இரண்டு வகைச் சிதைவு உண்டு. ஒன்று ஓட்டத்தால் தேய்வது. மற்றது சும்மா கிடந்தே மூப்படைவது.

மூப்புக்கு முதல் காரணம் ஆக்சிஜன். அது மெல்ல மெல்ல ரப்பருக்குள் புகுந்து சங்கிலிகளோடு வினைபுரிகிறது. சில இடங்களில் சங்கிலி அறுகிறது; சில இடங்களில் புது முடிச்சு விழுகிறது. முடிச்சு கூடக் கூட ரப்பர் கெட்டியாகும். இவ்வினை சூட்டில் வேகமாகும். 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரு மடங்கு என்பது வேதியியலில் சொல்லும் தோராயக் கணக்கு. 15 டிகிரி நிலவறையில் இருக்கும் டயரையும், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 45 டிகிரியில் கிடக்கும் டயரையும் ஒப்பிட்டால்? மூன்று முறை இரட்டிப்பு, எட்டு மடங்கு. இந்தக் கணக்கு துல்லியமானதன்று. ஆனாலும் நம் வெயிலில் டயர் ஏன் விரைவில் கிழடாகிறது என்பதைக் காட்டப் போதும்.

அடுத்த எதிரி ஓசோன். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு தரையில் கெடுதல் செய்கிறது. வெல்டிங் பொறியருகே, மோட்டார்களில் தீப்பொறி பறக்கும் இடத்தில், ஒருவிதக் காரமான மணம் வருமே, அது ஓசோனுடையது. ரப்பர் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடமாகப் பார்த்து ஓசோன் வெட்டுகிறது. பத்துக்கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலும் போதும். இதில் ஒரு விந்தை: தளர்ந்து கிடக்கும் ரப்பரில் வெடிப்பு விழுவதில்லை; இழுத்து நிற்கும் ரப்பரில்தான் விழும். 1950-களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலார், வளைத்து வைத்த ரப்பர்த் துண்டில் விழும் வெடிப்பைக் கொண்டே காற்றிலுள்ள ஓசோனை அளந்தார்.

நீங்களும் செய்யலாம். ஒரே மாதிரியான இரண்டு ரப்பர் பட்டைகள் எடுங்கள். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, ஒன்றை நன்றாக இழுத்து மாட்டுங்கள். மற்றதைச் சும்மா தொங்கவிடுங்கள். வெயில் நேராகப் படாமல் வெளிக்காற்று படும்படி சில வாரம் வையுங்கள். பிறகு பூதக்கண்ணாடியால் பாருங்கள். இழுத்த பட்டையில் வெடிப்புகள் இழுத்த திசைக்குக் குறுக்காக ஓடியிருக்கும். பழைய டயரின் பக்கச் சுவரிலும் இதே கோடுகளைத்தான் காண்கிறீர்கள்.

இதைத் தடுக்க டயர் ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். இவை உள்ளிருந்து கசிந்து வெளிவந்து, ஓசோன் ரப்பரைத் தொடுமுன் தாமே அதை எதிர்கொள்கின்றன. டயர் சுவரில் படரும் பழுப்பு நிறம் அழுக்கு அன்று. பெரும்பாலும் இந்தக் காவற்பொருள்தான். ஆனால் அது நன்றாக வெளியே வர டயர் ஓட வேண்டும், மடங்கி நிமிர வேண்டும். ஓடாத ஸ்டெப்னிக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு! (இந்தப் பொருள்களில் ஒன்றைப் பற்றி 2020-இல் ஒரு வருந்தத்தக்க செய்தி வந்தது. அது ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் புதுப் பொருள், மழைநீரோடு ஓடி, அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் ஒருவகைச் சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மாற்றுப் பொருள் தேடுகிறார்கள், எளிதாகக் கிடைக்கவில்லை.)

திருப்பூருக்கே உரிய எதிரி ஒன்றும் உண்டு: தாமிரம். தாமிர உப்பும் மாங்கனீசு உப்பும் மிகச் சிறிதளவு பட்டாலும், இயற்கை ரப்பரை ஆக்சிஜன் தின்பது வேகமாகிவிடுகிறது. சில சாயங்களில் தாமிரம் உண்டு. ரப்பர் பூசப்போகும் துணியில் இவை எவ்வளவு இருக்கின்றன என்று முன்கூட்டியே சோதிப்பது துணித்துறையில் பழைய வழக்கம். இடுப்புப் பட்டிக்கு இன்று பெரும்பாலும் வருவது ஸ்பான்டெக்ஸ் இழை. அது வேறு இனம். ஆனால் ரப்பர் நூல் வைத்த எலாஸ்டிக்கையோ டயரையோ சாயச் சாமான்களோடு சேர்த்துப் போடுவது தவறு. எந்திர எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் இவையும் ஆகா; ரப்பர் அவற்றை உறிஞ்சி உப்பிவிடும்.

ஆகவே டயரை வைக்க வேண்டிய இடம் குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத அறை. மோட்டாரும் வெல்டிங்கும் அருகில் இருக்கக் கூடாது. ரிம்மோடு இருந்தால் காற்றோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம், அல்லது தொங்கவிடலாம். ரிம் இல்லாத டயரைத் தொங்கவிட்டால் தொங்கும் இடத்தில் இழுபட்டு நிற்கும். ஓசோன் அந்த இடத்தைத்தான் தேடும். அதை நிற்க வைத்து, மாதம் ஒருமுறை சற்று உருட்டி வைக்க வேண்டும். எந்தச் சக்கரம் எங்கிருந்தது என்று சாக்கட்டியால் எழுதி வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இராது.

திறந்த வெளியில் மட்டும் போடவே கூடாது. இதற்குக் காரணம் ரப்பர் அன்று, கொசு. டயரின் உட்குழிவில் தேங்கும் மழைநீரை எப்படிச் சாய்த்தாலும் முழுதும் கொட்ட முடியாது. நிழலான, அசையாத அந்தத் தண்ணீர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் டயரின் சுவரில் ஒட்டியபடி பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆசியாவைச் சேர்ந்த ஏடிஸ் இனம் ஒன்று 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குடியேறியிருப்பது தெரிந்தது. அது வந்த வழி, கப்பலில் ஏற்றி வந்த பழைய டயர்கள். மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, கொல்லையில் கிடக்கும் டயரை முதலில் தேடுவது இதனால்தான்.

டயரின் வயதை எப்படி அறிவது? பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். அதன் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஒரு பக்கச் சுவரில் முழு எண் இராவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். பட்டன் எவ்வளவு மீதியிருந்தாலும் 10 ஆண்டு ஆன டயரை மாற்றிவிடும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள். வீட்டிலோ தெருவிலோ நிற்கும் ஒரு காரில், உரியவரைக் கேட்டுக்கொண்டு, ஐந்து டயர்களின் எண்களையும் குறித்துப் பாருங்கள். ஓடிய நான்கும் இடையில் ஒருமுறை மாறியிருக்கும். பெரும்பாலும் ஐந்திலும் வயதானது, பளபளப்பாகக் கிடக்கும் அந்த ஸ்டெப்னிதான்.